குருடோங்மார் ஏரி: லாச்சென்னில் ஒரு இரவு போதுமா?

யாழினி_ப

மே மாதம் மூன்றாவது வாரம் வடக்கு சிக்கிம் போவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், கணவர், நாலு வயதுப் பையன், மாமனார், மாமியார். மாமனாருக்கு 68 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தினமும் காலையில் நடக்கிறவர். அங்கே ரொம்ப உயரத்தில் இருக்கும் குருடோங்மார் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசைதான். ஏதோ வீடியோவில் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஏஜென்ட் அனுப்பியிருக்கும் திட்டம் இரண்டு இரவு, மூன்று நாள். முதல் நாள் கேங்டாக்கிலிருந்து கிளம்பி இரவு லாச்சென். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு ஏரிக்குப் புறப்பட்டு, பார்த்துவிட்டு, அன்று மாலையே லாச்சுங். மூன்றாம் நாள் யும்தாங் பள்ளத்தாக்கு, அப்படியே கேங்டாக் திரும்பல். எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்கிறார். பையனை ஏரி வரை கூட்டிப்போகலாமா, மாமனாருக்குச் சரிப்படுமா, இந்த ஒரு இரவுக் கணக்கு சரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்பதற்கும் ஆளுக்கொரு பதில் வருகிறது.

நாடோடி

தாராளமாகப் போங்கள். நாங்கள் நண்பர்கள் இதே திட்டத்தில்தான் போனோம். காலையில் ஜீப்பில் ஏறித் தூங்கினோம், எழுந்தால் ஏரி. லேசாகத் தலைவலி வந்தது, கீழே இறங்கியதும் போய்விட்டது. கையில் கற்பூரம் வைத்திருங்கள், அடிக்கடி முகர்ந்து பாருங்கள், மூச்சுத் திணறாது. ஒரு சின்ன ஆக்சிஜன் கேனும் வாங்கிக்கொள்ளுங்கள். லாச்சென்னில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, நாலு ஹோட்டல், ஒரு தெரு, அவ்வளவுதான். அதற்கு இரண்டு இரவு செலவழிப்பது வீண்.

ஸ்டெத்

நாடோடி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் யாழினி. இளவட்டங்களுக்கு ஒத்துப்போனது எல்லாருக்கும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். கேங்டாக் சுமார் 1,650 மீட்டர். லாச்சென் சுமார் 2,700 மீட்டர். குருடோங்மார் 5,100 மீட்டருக்கு மேல். அதாவது படுக்கையிலிருந்து எழுந்து நாலைந்து மணி நேரத்துக்குள் 2,400 மீட்டர் ஏறுகிறீர்கள், அதுவும் உட்கார்ந்தபடியே, உடம்புக்கு ஒரு தகவலும் சொல்லாமல். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம்தான், அழுத்தம் குறைந்துவிடுவதால் நுரையீரலுக்குக் கிடைப்பது குறைகிறது.

கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியாக இருக்கும், மூச்சு சுலபமாகப் போவதுபோலத் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜனை அது ஒரு துளியும் கூட்டாது. அந்தச் சின்னக் கேனும் சில நிமிடத்துக்குத்தான். அதை நம்பி அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று தைரியம் வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் எல்லாம் மலைநோயின் ஆரம்பம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது இதில் எது வந்தாலும் படம் எடுப்பதை விட்டுவிட்டு அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும். அதற்கு மருந்து இறங்குவதுதான்.

பையன் விஷயத்தில் என் கருத்து: ஏரிக்கு வேண்டாம். நாலு வயதுக் குழந்தைக்குத் தலை வலித்தால் அது "தலை வலிக்குது" என்று சொல்லாது, அழும், சாப்பிடாது, தூங்கிவிடும். அதிகாலையில் எழுப்பிய குழந்தை எப்படியும் அழும், தூங்கும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்?

மாமனாரை ஊரிலேயே அவருடைய மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது ஒன்றே தடையாக இருக்காது, ஆனால் இதயத்திலோ நுரையீரலிலோ வேறு ஏதாவது இருந்தால் அது வேறு கதை. மலைநோய் வராமல் தடுக்கக் கொடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். அதை ஏறுவதற்கு முந்தைய நாளே ஆரம்பிக்க வேண்டும், மேலே போய் வலி வந்தபிறகு போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

கோடைமழை

"லாச்சென்னில் ஒன்றும் இல்லை" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஏரியைவிட அந்த ஊர்தான் மனதில் நிற்கிறது.

எல்லாரும் இருட்டியபிறகு வந்து சேர்கிறார்கள், இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். மதியம் ஏரியிலிருந்து திரும்பிவந்து அவசரமாகச் சோறு தின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு லாச்சுங்குக்கு ஓட்டம். ஊரை வெளிச்சத்தில் பார்க்காதவர்கள் அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதுகிறார்கள்.

நாங்கள் இரண்டாவது இரவும் தங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் சந்துகளில் போனால் பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன, கீழே கல், மேலே மரம், சன்னல் சட்டத்தில் பூ வேலைப்பாடு. கீழ்த்தளத்தில் விறகு அடுக்கியிருப்பார்கள், எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில், வெட்டுமுகம் வெளியே தெரியும்படி, சுவர் மாதிரி. ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் கடினமான பாலாடைக்கட்டித் துண்டுகளை நூலில் கோத்து மாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். சுர்பி என்பார்கள். ஒரு துண்டு கொடுத்தார். வாயில் போட்டு ஊர் முழுக்கச் சுற்றி வந்தும் கரையவில்லை, பல்லுக்குச் சேதம் இல்லை என்பதே பெரிய விஷயம்.

மேலே ஙோதுப் சோலிங் மடாலயம் இருக்கிறது. ஏறிப் போனால் ஊர் முழுவதும் தெரியும், தகரக்கூரைகள், நடுநடுவே புதிதாக எழும் கான்கிரீட் ஹோட்டல்கள், கீழே லாச்சென் ஆறு. ஹோட்டல்கள் கூடக்கூடப் பழைய வீடுகள் குறைகின்றன, அதில் நம்மைப்போல வருகிறவர்களுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் ஜும்சா. இது பலருக்குத் தெரியாது. லாச்சென்னிலும் லாச்சுங்கிலும் வழக்கமான பஞ்சாயத்து கிடையாது. பரம்பரையாக இருந்த ஊர்ச்சபையையே அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிபோன் என்ற தலைவரை ஊரே தேர்ந்தெடுக்கிறது. யாக் எப்போது மேய்ச்சலுக்கு மேலே போக வேண்டும், உருளைக்கிழங்கு எப்போது தோண்ட வேண்டும் என்பது வரை அங்கே பேசி முடிவு செய்கிறார்கள். கூட்டத்துக்கு வராத வீட்டுக்கு அபராதம் உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஊருக்குள் கூடாது என்று லாச்சென் 2012-லேயே முடிவெடுத்தது. சிக்கிம் மாநிலம் முழுவதற்கும் அந்தத் தடை வந்தது 2022 ஜனவரியில்தான். கணக்குப் போட்டால் சின்ன ஊர் பத்து வருடம் முன்னால் நிற்கிறது.

இன்னொன்று, 1914 முதல் 1916 வரை அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் என்ற பிரெஞ்சுப் பெண்மணி இங்கேதான், ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் தாங்கூவுக்கு மேலே ஒரு குகை மடத்தில், லாச்சென் மடாலயத்துத் துறவியிடம் சீடராக இருந்தார். பனிக்காலம் உட்பட. நாம் ஒரு ராத்திரிக்கே ஹீட்டர் கேட்டுச் சண்டை போடுகிறோம்.

நாடோடி

சரி சரி, ஊர் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாருக்கும் லீவு கிடைக்க வேண்டாமா? ஒரு நாள் கூட்டினால் வண்டிக்காசு, ரூம் வாடகை எல்லாம் கூடும். குடும்பத்தோடு வருகிறவர்களிடம் யாக் மேய்ச்சல் நாள் பற்றி வகுப்பெடுத்தால் எப்படி.

கோடைமழை

அதற்குத்தான் லாச்சுங்கை விட்டுவிடுங்கள் என்கிறேன். ஒரே பயணத்தில் இரண்டு பள்ளத்தாக்கையும் அடைக்க வேண்டும் என்று யார் சொன்னது? லாச்சென்னில் இரண்டு இரவு, அப்படியே கேங்டாக். மொத்த நாள் அதே மூன்றுதான். முழுக்க வண்டியிலேயே கழிவதும் குறையும். யும்தாங் அழகான இடம்தான், மே மாதத்தில் ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும், ஆனால் அதற்கு இன்னொரு முறை வரலாம்.

பழைய சிப்பாய்

நான் அந்தப் பக்கம் பணியில் இருந்தவன். இடம், காலம் எல்லாம் வேண்டாம். யாழினி அம்மாவுக்காகச் சில விஷயம்.

4 மணிக்குக் கிளம்பச் சொல்வது உங்களை வதைப்பதற்காக அல்ல. லாச்சென்னிலிருந்து ஏரி சுமார் 65 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் அந்தப் பீடபூமி அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற தரை சூடாகிக் காற்று கிளம்பும், மதியத்துக்கு மேல் அந்தக் காற்றில் நிற்கவே முடியாது, மண்ணும் பொடிக்கல்லும் முகத்தில் அடிக்கும். அதனால்தான் கியாகோங் சோதனைச் சாவடியைக் காலையிலேயே தாண்ட வேண்டும், நேரம் கடந்தால் மேலே விடமாட்டார்கள். இதில் ஜவானிடம் கெஞ்சிப் பயனில்லை, அவன் கையில் எதுவும் இல்லை.

போகும் வழியில் தாங்கூ வரும், ஏறக்குறைய 3,900 மீட்டர். அங்கேதான் எல்லா வண்டியும் காலைச் சாப்பாட்டுக்கு நிற்கும். மேகி, பிரெட் ஆம்லெட், பாப்கார்ன் கிடைக்கும். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம். ஓட்டுநர் அவசரப்படுத்துவார். அரை மணி நேரமாவது நின்று, மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்து, பெரியவரின் முகத்தைப் பாருங்கள். அங்கேயே தலைவலி என்றால் பயணம் அங்கே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே சோப்தா பள்ளத்தாக்கு இருக்கிறது, அழகில் குறைவில்லை.

தாங்கூவோடு மரம் முடிந்துவிடும். கியாகோங் தாண்டியதும் நிலமே மாறிவிடும், பச்சை காணாமல் போய்விடும். பழுப்பு மண், வட்டமான மொட்டை மலைகள், கத்தி மாதிரி வெயில். திபெத்தின் தரை நம் பக்கம் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கண் பழகினால் தூரத்தில் காட்டுக் கழுதைக் கூட்டம் தெரியும், கியாங் என்பார்கள். சீன எல்லை அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஆகவே ராணுவ வண்டி, முகாம், பாலம் எதையும் படம் எடுக்காதீர்கள். சாவடியில் சொன்னால் சொன்னதுதான்.

சின்னக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு அங்கேயே இறங்கிவிடச் சொல்லி அறிவுரை சொல்வோம். கேட்பவர்கள் கேட்பார்கள். கேட்காதவர்கள் ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருவதையும் பார்த்திருக்கிறேன்.

ஏரியில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஓடாதீர்கள், குதிக்காதீர்கள், படியில் இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும்.

கிள்ளான்காரன்

இடையில் ஒரு கேள்வி. நான் மலேசியன், மனைவி சிங்கப்பூர் கடப்பிதழ். நாங்கள் போக முடியுமா? மனைவியிடம் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருக்கிறது, அது இருந்தால் இந்தியர் மாதிரிதானே?

கேங்டாக்வாசி

இங்கே வேலை நிமித்தமாக இருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வருகிறது. இல்லை சகோ, முடியாது. குருடோங்மாருக்கு இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான் அனுமதி. பாதுகாக்கப்பட்ட பகுதி விஷயத்தில் ஓசிஐ அட்டை உள்ளவர்களும் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். நீங்கள் இருவரும் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் அனுமதி வாங்கி லாச்சென், தாங்கூ, சோப்தா வரை போகலாம். அதற்கு மேல் இல்லை. ஏரிதான் பார்க்க வேண்டும் என்றால் கேங்டாக்கிலிருந்து சோம்கோ ஏரிக்கு அனுமதி கிடைக்கும், 3,753 மீட்டர், ஒரே நாளில் போய்வரலாம். ஏஜென்ட் யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன், சாவடியில் பேசிவிடலாம்" என்று சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

யாழினிக்கு: உங்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், அதை நீங்களே தனியாக வாங்க முடியாது, ஏஜென்ட் வழியாகத்தான். கடவுச்சீட்டு அளவு போட்டோக்கள், வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட், பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ். ஆதார் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வராதீர்கள், அதை வைத்து இழுபறி ஆன கதைகள் நிறைய. எல்லாவற்றிலும் கூடுதலாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி, வெளிமாநில வாடகை வண்டி எல்லாம் கேங்டாக்கோடு சரி. மேலே போவது இங்கே பதிவான வண்டிகள்தான்.

பாதையைப் பற்றி இப்போது யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். 2023 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் பாலங்கள் போவதும் தற்காலிகப் பாலம் போடுவதும் மீண்டும் மண் சரிவதுமாகத்தான் இருக்கிறது. லாச்சுங் பக்கம் முதலில் திறந்தது, லாச்சென் ரொம்ப நாள் மூடிக் கிடந்தது. 2025 ஜூன் ஆரம்பத்து மழையில் லாச்சென்னில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது. ஆக, கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை அனுமதிச் சீட்டு வழங்குகிறார்களா என்பதே உங்களுக்கு விடை. அதோடு ஊர் திரும்பும் விமானத்துக்கும் மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது சும்மா விடுங்கள். பாக்டோக்ரா போகும் நெடுஞ்சாலையே மழைக்காலத்தில் அடிக்கடி மூடிவிடும்.

மே மூன்றாவது வாரம் நல்ல நேரம்தான். ஏரியின் பனி உருகியிருக்கும், மழை இன்னும் முழுசாகப் பிடித்திருக்காது. ஜூனுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கூழாங்கல்

2023 வெள்ளத்தைப் பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மண்ணியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று உடைந்தது தெற்கு லோனாக் ஏரி. அதுவும் குருடோங்மார் மாதிரியே பனிப்பாறை உருகிய நீரால் ஆன ஏரி, உயரமும் ஏறக்குறைய அதே 5,200 மீட்டர். பனிப்பாறை பின்வாங்கப் பின்வாங்க அது விட்டுச்சென்ற பள்ளத்தில் நீர் தேங்கி ஏரி வருடாவருடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சுற்றிலும் கரை என்று இருப்பது பாறை அல்ல, பனிப்பாறை தள்ளிக்கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும், உள்ளே உறைந்த பனியும். அக்டோபர் 3 இரவு பக்கவாட்டில் அந்தக் கரை பெரிதாகச் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்த அலை முன்பக்கக் கரையை அரித்துக்கொண்டு வெளியேறியது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் கீழே சுங்தாங்கில் இருந்த தீஸ்தா மூன்றாம் நிலை அணை, 60 மீட்டர் உயரம், 1,200 மெகாவாட் திட்டம், 2017-ல்தான் மின்சாரம் தர ஆரம்பித்தது, அது சில நிமிடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

லாச்சென் போகிறவர்கள் எல்லாரும் சுங்தாங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். லாச்சென் ஆறும் லாச்சுங் ஆறும் சேர்ந்து தீஸ்தா என்று பெயர் எடுக்கும் இடம் அது. பெரும்பாலான வண்டிகளில் அந்த இடத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள் அல்லது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கண்ணைத் திறந்து ஆற்றின் இரு கரையையும் பாருங்கள், வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

குருடோங்மார் ஏரிக்கு நீர் தருவது தெற்கே நிற்கும் காங்செங்யாவ் மலையின் பனிப்பாறை, மலை 6,889 மீட்டர். நீங்கள் பார்த்துப் படம் எடுக்கும் நீல ஏரி தனியாக இல்லை. அதற்கு மேலே, பனிப்பாறையின் காலடியில், இன்னும் ஏரிகள் இருக்கின்றன, அவற்றையும் விஞ்ஞானிகள் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏரியிலிருந்து வெளியேறும் நீரும் கடைசியில் தீஸ்தாவில்தான் சேர்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நாளைக்கே எதுவும் உடையப்போவதும் இல்லை. அந்த நீலத்தைப் பார்க்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் நல்லது.

நாடோடி

இவ்வளவு ஆபத்தான இடத்துக்கு எதற்குத்தான் சுற்றுலா? மூடிவிடலாமே.

கூழாங்கல்

மூடினால் யாருக்கு நஷ்டம்? வெள்ளம் அவர்கள் கொண்டுவந்தது இல்லை. பாலம் போன மாதங்களில் லாச்சென்காரர்கள் வருமானம் இல்லாமல் இருந்தார்கள். உருளைக்கிழங்கும் யாக்கும் மட்டும் வைத்துக்கொண்டு இப்போது குடும்பம் நடத்த முடியாது, பிள்ளைகள் கேங்டாக்கில் படிக்கிறார்கள். நான் போகாதீர்கள் என்று சொல்லவே இல்லை. குறைவான வண்டியில், அதிக நாள் தங்கி, ஊர்க்காரர் நடத்தும் வீட்டில் சாப்பிட்டு வாருங்கள் என்கிறேன். கோடைமழை சொன்ன அதே இடத்துக்கு நான் வேறு வழியாக வந்து சேருகிறேன்.

கோடைமழை

ஆமாம், அதோடு ஒன்று. பேக்கேஜில் வரும் ஹோட்டல்கள் பல வெளியூர்க்காரர்கள் குத்தகைக்கு எடுத்து நடத்துபவை. கேட்டால் சொல்வார்கள். ஊர்க்காரர் வீட்டில் தங்கினால் இரவில் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம், துக்பா (நூடுல்ஸ் சூப்) செய்து தருவார்கள், சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுடுதண்ணீர் வாளியில்தான் வரும். மின்சாரம் போகும் வரும். அறைக்கு ஹீட்டர் எதிர்பார்க்காதீர்கள், கனமான ரஜாய் இரண்டு கொடுப்பார்கள், அதன் எடைக்கே குளிர் ஓடிவிடும்.

யாழினி_ப

எல்லாருக்கும் நன்றி. இப்படி ஒரு பதில் குவியும் என்று நினைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டோம். லாச்சுங் இந்த முறை இல்லை. லாச்சென்னில் இரண்டு இரவு. முதல் நாள் சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேர முடிந்தால் அன்று ஊரைச் சுற்றுவது, மறுநாள் ஏரி. ஏரிக்குக் கணவரும் மாமனாரும் மட்டும். நான், பையன், மாமியார் ஊரிலேயே இருக்கிறோம். எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் யாராவது ஒருவர் பையனோடு இருக்கத்தானே வேண்டும், மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனால் அவர் பாவம்.

ஏஜென்டிடம் சொன்னபோது "இப்படி யாரும் கேட்டதே இல்லை மேடம்" என்று இழுத்தார். பிறகு சரி என்றார், கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். பரவாயில்லை.

ஸ்டெத்

நல்ல முடிவு. ஒரே ஒரு திருத்தம்: இரண்டு இரவும் ஏரிக்கு முன்னால் வரும்படி முடிந்தால் மாற்றுங்கள். முதல் நாள் போய்ச் சேருவது, இரண்டாம் நாள் லாச்சென்னிலேயே ஓய்வு, முடிந்தால் தாங்கூ வரை ஒருமுறை போய்வருவது, மூன்றாம் நாள் விடியற்காலை ஏரி. பெரியவரின் உடம்புக்கு அந்தக் கூடுதல் நாள்தான் உண்மையான மருந்து. ஏரி பார்த்த அன்றே கேங்டாக் வரை இறங்க முடியாவிட்டால் நடுவில் மங்கனில் தங்கிக்கொள்ளுங்கள், இறங்குவதில் உடம்புக்குப் பிரச்சினை இல்லை, வண்டியில் உட்கார்ந்து இடுப்புதான் வலிக்கும். அப்புறம், மேலே இருக்கும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம், இது கணவருக்கு.

யாழினி_ப

அப்படியே மாற்றிவிட்டோம், நீங்கள் சொன்ன தாங்கூ நாளில் நாங்களும் பையனும் சோப்தா பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை. 3,900 மீட்டர் பையனுக்குச் சரிப்படுமா?

ஸ்டெத்

முதல் இரவு லாச்சென்னில் நன்றாகத் தூங்கி, காலையில் சாப்பிட்டு, விளையாடினால் போகலாம், கொஞ்ச நேரம் மட்டும். சிணுங்க ஆரம்பித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் திரும்பிவிடுங்கள்.

யாழினி_ப

சரி. கடைசியாக மாமனார் கேட்கச் சொன்ன கேள்வி. பௌத்த குரு பத்மசம்பவர் கை வைத்த இடம் மட்டும் குளிர்காலத்திலும் உறையாது என்கிறார்களே, அந்த இடம் எது என்று தெரியுமா? அங்கிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து வரலாமா, தப்பில்லையே?

பழைய சிப்பாய்

பிரார்த்தனைக் கொடிகள் கட்டியிருக்கும் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். குளிர்காலத்தில் ஏரி முழுக்க வெள்ளையாக இருக்கும்போது ஒரு ஓரம் மட்டும் கருநீலமாகத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன். மே மாதத்தில் எல்லாமே தண்ணீர்தான், வித்தியாசம் தெரியாது. அந்த ஊரார் குரு ரின்போச்சே, அதாவது பத்மசம்பவர், வந்த இடம் என்பார்கள், சீக்கியர்கள் குரு நானக் வந்த இடம் என்பார்கள். இதை வைத்து வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. உங்கள் மாமனாரை அங்கே யாரிடமும் விவாதத்துக்குப் போகாமல் கும்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

தண்ணீர் எடுப்பது தப்பில்லை, வருகிறவர்கள் எடுக்கத்தான் செய்கிறார்கள். கால் வைக்கக்கூடாது, எச்சில் கை படக்கூடாது, காசு எறியக்கூடாது. கரையில் உட்கார்ந்து எடுக்கும்போது கணவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், குனிந்து நிமிர்ந்தால் அங்கே தலை சுற்றும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சின்ன எவர்சில்வர் பாட்டில் ஒன்று தனியாகக் கொண்டுபோங்கள். பிளாஸ்க்கை நம்பிப் போகாதீர்கள், அதில் காலை டீ இருக்கும், மேலே போனபிறகு அந்த டீயைக் கொட்ட யாருக்கும் மனசு வராது.